பாதியில் நின்ற கணக்கு
(கணிப்பொறியில் ‘கமிட்’, ‘ரோல்பேக்’ என்னும் இரு கட்டளைகள்)



சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். நம் மாணவி ஒருத்தியின் தாய் உப்பளத்தில் வேலை செய்பவர். மகளுக்குச் சீருடைத் துணியும் நோட்டுப் புத்தகங்களும் வாங்க அனுமந்தையிலிருந்து பஸ் ஏறித் திண்டிவனம் சென்றிருந்தார். மொத்த விலை 1,850 ரூபாய். கடையில் வைத்திருந்த கியூ.ஆர். அட்டையைக் கைபேசியில் ஸ்கேன் செய்து பணம் செலுத்தினார். உடனே, கணக்கிலிருந்து 1,850 ரூபாய் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. கடைக்காரரோ, “எனக்கு வரலையேம்மா” என்றார். அரை மணி நேரம் காத்திருந்தும் பயனில்லை. கூட வந்த உறவுக்காரப் பெண்ணிடம் கைமாற்று வாங்கி, ரொக்கமாகக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் காலை மகளைப் பள்ளியில் விட வந்தவர், கைபேசியை என்னிடம் காட்டிக் கண் கலங்கினார். “டீச்சர், பணம் கடைக்காரர்கிட்டயும் போகலை, என்கிட்டயும் இல்லை. அப்போ நடுவுல அது எங்கே இருக்கு?” என்று கேட்டார்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் கமிட், ரோல்பேக், சேவ்பாயிண்ட் என மூன்று கட்டளைகள் வருகின்றன. அவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து எழுதி, பின்னர் மறந்துவிடும் மாணவிகளே அதிகம். அந்தத் தாயின் கேள்விக்கு விடை அந்த மூன்று கட்டளைகளுக்குள்தான் இருக்கிறது. அதனை எல்லோருக்கும் விளங்கும்படி இங்கு எழுத முயல்கிறேன்.

இரண்டு படிகள், ஒரே செயல்

ஒரே வங்கியில் அக்காள், தங்கை இருவருக்கும் கணக்கு இருப்பதாகக் கொள்வோம். அக்காள் கணக்கில் 5,000 ரூபாய். தங்கை கணக்கில் 2,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 7,000. அக்காள் தங்கைக்கு 1,000 ரூபாய் அனுப்புகிறாள். நமக்கு இது ஒரே செயல். ஆனால் கணிப்பொறிக்கோ இவை இரண்டு படிகள். முதற்படி, அக்காள் கணக்கை 4,000 ஆக்குவது. இரண்டாம் படி, தங்கை கணக்கை 3,000 ஆக்குவது.

முதற்படி முடிந்து, இரண்டாம் படி தொடங்கும் முன் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? அக்காளிடம் 4,000, தங்கையிடம் 2,000. மொத்தம் 6,000 மட்டுமே. ஆயிரம் ரூபாய் காற்றில் கரைந்து போயிற்று! படிகளை மாற்றி, முதலில் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அக்காளிடம் எடுப்போம் என்றாலும் குற்றம் நீங்காது. அப்போது மொத்தம் 8,000 ஆகி, வங்கிக்கு ஆயிரம் ரூபாய் நட்டம்.

ஆகவே இவ்விரு படிகளையும் ஒரே கட்டாகக் கட்டிவிட வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும். இல்லையேல் ஒன்றுமே நடவாதது போல் இருக்க வேண்டும். இப்படிக் கட்டப்பட்ட செயல்களின் தொகுப்புக்கே ‘டிரான்ஸாக்‌ஷன்’ அல்லது பரிவர்த்தனை என்று பெயர். எல்லாப் படிகளும் செம்மையாக முடிந்தன, இதனை நிலைப்படுத்து என்று ஆணையிடுவது ‘கமிட்’. இடையில் தவறு நேர்ந்தது, தொடங்கிய இடத்திற்கே திரும்பு என்று ஆணையிடுவது ‘ரோல்பேக்’.

உப்பளத்தில் ஓர் உவமை

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உப்பளத்தைக் காட்டிலும் தெளிவான உவமை வேறில்லை. மழைக்காலம் ஓய்ந்ததும் பாத்திகளைத் திருத்துகிறார்கள். நீர் பாய்ச்சி வெயிலில் காய விடுகிறார்கள். நாளாக ஆக நீர் கெட்டியாகி, பாத்தியின் அடியில் உப்பு பூக்கிறது. அந்த நிலையில் கோடை மழை ஒன்று கொட்டினால் போதும். பூத்த உப்பெல்லாம் மீண்டும் நீராகிவிடும். பாத்தியில் கிடக்கும் உப்பு கமிட் ஆகாத உப்பு. அதை வாரி, வரப்பின் மேல் குவித்து, மழை படாமல் மூடி வைத்த பின்னரே அது கணக்கில் சேரும்.

ஆனால் உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். மழை பெய்தால் பாத்தியில் நீர் நிற்கும். அதில் பாடுபட்டவர்களின் கூலியும் வியர்வையும் திரும்பி வருவதில்லை. கணிப்பொறியின் ரோல்பேக் அப்படியன்று. அக்காள் கணக்கில் எடுத்த ஆயிரம் ரூபாயைக் காசு குறையாமல் பழைய இடத்திலேயே வைத்துவிடும்.

பழைய கணக்கு எப்படி நினைவிருக்கிறது?

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய இரவில் ஒரு கணிப்பொறி பாதி வேலையில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுபடி மின்சாரம் வந்ததும், எந்த வேலை முடிந்தது, எது முடியவில்லை என்று அதற்கு எப்படித் தெரியும்?

விடை எளிது. அது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதனை ‘லாக்’ என்பர். கணக்கின் பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றுவதற்கு முன், அக்காள் கணக்கு, பழைய எண் 5,000, புதிய எண் 4,000 என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. தங்கை கணக்குக்கும் அவ்வாறே. பிறகு கமிட் என்று ஒரு வரி. இந்தக் கமிட் வரி அழியாத வட்டில் எழுதப்பட்ட பின்னரே, “பணம் சேர்ந்தது” என்று கணிப்பொறி வாய் திறக்கும். குறிப்பேட்டில் முன்னதாக எழுது, கணக்கில் பின்னதாக மாற்று என்பதே விதி.

மின்சாரம் வந்ததும் கணிப்பொறி முதலில் செய்யும் வேலை குறிப்பேட்டைப் படிப்பதுதான். கமிட் வரி உள்ள பரிவர்த்தனை கணக்கில் ஏறாமல் இருந்தால் மீண்டும் ஏற்றிவிடும். கமிட் வரி இல்லாத பரிவர்த்தனையின் அடையாளம் எங்கேனும் தென்பட்டால், பழைய எண்ணைப் பார்த்து அதனை நீக்கிவிடும்.

இதில் தமிழர்கள் பெருமை கொள்ள ஒரு செய்தியும் உண்டு. 1977-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் இரசாயனப் பொறியியல் பட்டம் பெற்ற சி. மோகன், பின்னர் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். இத்தகைய மீட்பு முறையைச் செம்மைப்படுத்தி, அவரும் அவருடைய தோழர்களும் ‘ஏரீஸ்’ என்ற பெயரில் 1992-இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நடந்தவற்றை முதலில் அப்படியே திரும்ப நடத்திப் பார், பிறகு முடியாதவற்றை மட்டும் பின்னோக்கி நீக்கு என்பது அம்முறையின் சாரம். உலகின் பல தரவுத்தளங்கள் இன்றும் இம்முறையையோ அதன் வழிவந்த முறைகளையோ பின்பற்றுகின்றன.

நான்கு நற்பண்புகள்

பரிவர்த்தனைக்கு நான்கு பண்புகள் வேண்டும் என்பர். தியோ ஹெர்டர், ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் என்ற இரு ஜெர்மானிய அறிஞர்கள் 1983-இல் இவற்றைத் தொகுத்து, முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘ஏசிட்’ என்று பெயரிட்டனர்.

முதலாவது, பகுபடாமை. எல்லாம் நடக்க வேண்டும், அல்லது ஒன்றும் நடக்கக்கூடாது. இரண்டாவது, முரண்படாமை. முன்பு 7,000 என்றால் பின்பும் 7,000. மூன்றாவது, தனித்திருத்தல். ஒருவர் வேலை பாதியில் இருக்கும்போது மற்றவர் அதில் குறுக்கிடக்கூடாது. நான்காவது, நிலைத்திருத்தல். கமிட் ஆனது மின்சாரம் போனாலும் அழியக்கூடாது.

மூன்றாவது பண்பைச் சற்று விளக்குவோம். இந்திய இரயில்வேயில் கணிப்பொறி வழி முன்பதிவு 1985-இல் புதுதில்லியில் தொடங்கிற்று. ஒரு வண்டியில் ஒரேயோர் இடம் மீதமிருக்கிறது. சென்னையில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் ஒரே நொடியில் அதனைக் கேட்கிறார்கள். இருவருக்கும் “இடம் உண்டு” என்று காட்டி, இருவரிடமும் பணம் வாங்கிவிட்டால் பிளாட்பாரத்தில் சண்டைதான் மிஞ்சும். ஆகவே முதலில் தொட்டவரின் பரிவர்த்தனை முடியும் வரை அவ்விடத்திற்குக் கணிப்பொறி ஒரு பூட்டுப் போடுகிறது. அது நிறைவேறினால் கமிட், இடம் அவருக்கே. நிறைவேறாவிட்டால் ரோல்பேக். பூட்டுத் திறந்து இடம் அடுத்தவருக்குப் போகும்.

நம் கணிப்பொறி அறையில்

மாணவிகள் செய்முறை வகுப்பில் அடிக்கடி செய்யும் பிழைகள் சில உண்டு. அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பைத்தான் மொழியில் சீக்வலைட் தரவுத்தளத்தைப் பயன்படுத்தி நாற்பது பேரின் மதிப்பெண்களைப் பதிவு செய்கிறோம். திரையில் நாற்பதும் தெரிகின்றன. மகிழ்ச்சியோடு மூடிவிட்டுச் செல்கிறோம். மறுநாள் திறந்தால் அட்டவணை காலி! காரணம், இறுதியில் கமிட் என்ற வரியை எழுத மறந்ததுதான். கமிட் செய்யாத வேலை, வாராத உப்பு.

இதற்கு மாறான பிழையும் உண்டு. ஒரு மாணவியின் பெயரை நீக்க எண்ணி, எந்த மாணவி என்ற நிபந்தனையை எழுதாமல் ‘டெலிட்’ கொடுத்துவிட்டால் வகுப்பு முழுவதும் மறைந்துவிடும். பரிவர்த்தனையை முறைப்படி தொடங்கியிருந்தால் ரோல்பேக் என்று கட்டளையிட்டு அனைவரையும் மீட்டுவிடலாம். ஆனால் மைசீக்வல் போன்றவற்றில், நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு கட்டளையும் முடிந்தவுடன் தானாகவே கமிட் ஆகிவிடும். அட்டவணையை உருவாக்குவது, அழிப்பது போன்ற கட்டளைகளும் மைசீக்வலிலும் ஆரக்கிளிலும் தாமாகவே கமிட் ஆகிவிடுபவை. அப்போது ரோல்பேக் கைகொடுக்காது. ஆகவே அழிக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

‘சேவ்பாயிண்ட்’ என்பது இடையில் நடும் அடையாளக் கல். மூன்று வகுப்புகளின் மதிப்பெண்களைப் பதிவு செய்கையில் இரண்டு வகுப்புகள் முடிந்ததும் ஒரு சேவ்பாயிண்ட் வைத்துக்கொண்டால், மூன்றாவதில் தவறினால் அந்தக் கல் வரை மட்டும் திரும்பினால் போதும். முதல் இரண்டையும் இழக்க வேண்டாம். ஆயினும் கடைசியில் கமிட் செய்தாலன்றி எதுவும் நிலைக்காது.

இரண்டு வங்கிகளும் ஒரு திருமணமும்

இதுவரை கூறியது ஒரே கணிப்பொறிக்குள் நடப்பது. பணம் கொடுப்பவர் ஒரு வங்கியிலும் பெறுபவர் வேறொரு வங்கியிலும் இருந்தால்? ஒன்று கமிட் செய்து, மற்றொன்று ரோல்பேக் செய்துவிட்டால் வந்த வினை போகாது.

இதற்கு ‘இருகட்டக் கமிட்’ என்றொரு முறை உண்டு. நடுவர் ஒருவர் இருபுறமும் முதலில், “நீர் ஆயத்தமா?” என்று கேட்பார். ஆயத்தம் என்று சொன்னவர் அதனைத் தம் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். அதன்பின் தாமாகப் பின்வாங்கக்கூடாது. இருவரும் ஆம் என்றால் நடுவர் கமிட் அறிவிப்பார். ஒருவர் மறுத்தாலும் இருவருக்கும் ரோல்பேக்.

பரிவர்த்தனை இயலின் முன்னோடியான ஜிம் கிரே என்ற அமெரிக்க அறிஞர் 1981-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதனைக் கிறிஸ்தவத் திருமணத்தோடு ஒப்பிட்டுள்ளார் என்பது நமக்கு வியப்பையும் மகிழ்ச்சியையும் தரும். நம் கோயில்களில் ஓலை வாசித்து, தடை ஏதேனும் உண்டானால் தெரிவிக்கும்படி கேட்பது வழக்கம். திருமணத்தன்று குருவானவர் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே சம்மதம் கேட்கிறார். இருவர் சம்மதமும் வெளிப்பட்ட பின்னரே திருமணம் நிறைவேறுகிறது. ஒருவர் வாய் திறவாவிட்டாலும் மணம் இல்லை. பாதித் திருமணம் என்று ஒன்று உலகில் இல்லை அல்லவா!

1944-இல் பிறந்த ஜிம் கிரே, கணிப்பொறி உலகின் மிக உயர்ந்த டூரிங் விருதை 1998-இல் பெற்றார். 2007 ஜனவரியில், தம் தாயின் அஸ்தியைக் கடலில் தூவுவதற்காக சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் சென்றவர் திரும்பவில்லை. தோழர்களும் தன்னார்வலர்களும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டும் தேடினர். பயனில்லை. போன படகு திரும்பாத துயரம் என்னவென்பதைக் கடலோரத்தில் வாழும் நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடிக்கணக்கான மக்களின் பணம் வழி தவறாமல் வீடு சேர அவர் வகுத்த முறைகள் மட்டும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

இருகட்டக் கமிட்டில் ஒரு குறை உண்டு. இருவரும் சம்மதித்த பின் நடுவர் மயங்கி விழுந்துவிட்டால், மற்ற இருவரும் அப்படியே காத்திருக்க வேண்டும். நாடு முழுவதும் நொடிதோறும் ஆயிரக்கணக்கில் பணம் கைமாறும்போது, வங்கிகள் கணக்குகளைப் பூட்டி வைத்துக்கொண்டு இவ்வாறு காத்திருக்க இயலாது.

தாயின் கேள்விக்கு விடை

2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில், தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நடுவில் நிற்கிறது. முதலில் கொடுப்பவரின் வங்கி பணத்தை எடுத்துத் தன் கணக்கில் கமிட் செய்துவிடுகிறது. பிறகு பெறுபவரின் வங்கியை வரவு வைக்கச் சொல்கிறார்கள். அந்த வங்கி, “இயலாது” என்று தெளிவாகச் சொன்னால், எடுத்த பணத்தைப் பெரும்பாலும் உடனே திருப்பிவிடலாம். அந்த வங்கியிடமிருந்து பதிலே வராவிட்டால்தான் சிக்கல். அது வரவு வைத்துவிட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? அல்லது வரவே வைக்கவில்லையா? மௌனத்தை மறுப்பு என்று கொள்ள முடியாது. அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்தால் ஒரே பணத்தை இருவருக்கும் கொடுத்ததாகிவிடும். ஆகவே வங்கிகள் தங்கள் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டியுள்ளது.

“நடுவில் எங்கே இருக்கிறது?” என்ற கேள்விக்கு விடை இதுதான். பணம் தொலையவில்லை. வங்கிகளின் கணக்கில், இன்னும் பைசல் ஆகாத தொகையாக அது நிற்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ரோல்பேக் நடந்தால் பாஸ் புத்தகத்தில் ஒரு வரியும் இராது. யு.பி.ஐ.யில் பணம் திரும்பினால் இரண்டு வரிகள் இருக்கும்: 1,850 பற்று, 1,850 வரவு. கமிட் ஆனதை அழிக்க முடியாது. எதிர்ப்பதிவு ஒன்று எழுதித்தான் நேர் செய்ய வேண்டும். கணக்கு எழுதுவோர் பேரேட்டில் தவறு கண்டால் சுரண்டி அழிப்பதில்லை. தேதியிட்டு எதிர்ப்பதிவு எழுதுவார்கள். அதே முறைதான் இது.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யு.பி.ஐ. மூலம் ஒருவருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்திய பணத்திற்கும், ஏ.டி.எம்.மில் வராத பணத்திற்கும் ஐந்து நாட்கள் கெடு. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம், நாம் கேட்காமலேயே, இழப்பீடு தர வேண்டும்.

பெற்றோர்கள் நினைவில் வைக்க வேண்டியவை

பணம் எடுக்கப்பட்டும் சேரவில்லை என்றால் பதறி மறுபடி அனுப்பாதீர்கள். குறுஞ்செய்தியையும் பரிவர்த்தனை எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். கெடுவுக்குள் திரும்பாவிட்டால் வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களில் தக்க பதில் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

“பணத்தைத் திருப்பித் தருகிறோம், பின் நம்பரைப் போடுங்கள், ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்” என்று எவரேனும் அழைத்தால் நம்பாதீர்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

தவறான ஆளுக்கு அனுப்பிவிட்டால் அது முழுமையாகக் கமிட் ஆன பரிவர்த்தனை. கணிப்பொறியின் கண்ணில் அதில் தவறே இல்லை. உடனே வங்கியிடம் முறையிடலாம். ஆனால் பொதுவாகப் பெற்றவரின் சம்மதம் வேண்டியிருக்கும். ஆகையால் பின் நம்பரை அழுத்தும் முன் திரையில் தெரியும் பெயரை ஒருமுறை வாசியுங்கள். அந்தக் கடைசி அழுத்தத்திற்கு முன்வரை எல்லாவற்றையும் விட்டுவிடலாம். அதற்குப் பின் முடியாது.

அந்தத் தாயின் பணம் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. மாலையில் மகளை அழைத்துப் போக வந்தவர், பாஸ் புத்தகத்தில் பதித்து வந்த இரண்டு வரிகளைக் காட்டினார். “கைமாத்தையும் கொடுத்துட்டேன் டீச்சர்” என்று சொல்லிச் சிரித்தார். நான் மூன்றாவதாக ஒரு வரியையும் மனத்தில் குறித்துக்கொண்டேன். கேட்ட மறுபேச்சின்றி அந்தப் பணத்தைக் கொடுத்து உதவிய உறவுக்காரப் பெண்ணின் நம்பிக்கை அது. எந்தக் கணிப்பொறியின் குறிப்பேட்டிலும் அது ஏறாது. ஆனால் அதுவும் கெடுவுக்குள் நேராயிற்று.

மாணவிகளே! தொடங்கிய வேலையை முடியுங்கள். முடிக்க இயலாதென்று தெரிந்தால், பிறருக்கு இடையூறாகப் பாதியில் போட்டுவிடாமல் தொடங்கிய இடத்திற்கே திரும்பிச் சென்று மறுபடி தொடங்குங்கள். முடித்த பின் தவறு தெரிந்தால் அதனை மறைக்காமல், அடுத்த வரியில் திருத்தி எழுதுங்கள். தேர்வில் கமிட், ரோல்பேக் பற்றிய வினா வரும்போது, 1,850 ரூபாயையும் அந்தத் தாயையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், விடை மறக்காது.